ஒப்பம்

இறங்குதுறையில் எண்ணியபோது எழுபத்தியொரு பேர்.
கடற்படையின் தாளில் எழுபது.
கைக்குழந்தையை ஆளாகக் கணக்கெடுப்பதா என்று
வெயிலில் நின்று அரை மணி நேரம் கதைத்தார்கள்.

நான் கச்சேரி மொழிபெயர்ப்பாளர்.
காணி உறுதி, பிறப்பு இறப்புப் பத்திரம்,
சிங்களத்திலிருந்து தமிழுக்கு, தமிழிலிருந்து சிங்களத்துக்கு,
பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு.
படகில் வந்தவர்களுக்கு இரண்டும் தெரியாது.

கிண்ணியாவிலிருந்து சவாஹிரைக் கூட்டிவந்தார்கள்.
ஈப்போவில் கோழிக்கடையில் பதினொரு வருடம்; மலாய் ஓடும்.
படகில் ஒரு பெடியனுக்கும் மலாய் தெரியும்,
ஒருமுறை அங்கே போய்ப் பிடிபட்டு
விலங்கோடு திருப்பி அனுப்பப்பட்டவன்.
ஆக,
இன்ஸ்பெக்டர் அம்பேபிட்டியவின் சிங்களம் என் தமிழாகி
சவாஹிரின் மலாயாகி
பெடியனின் வாயில் வேறொன்றாகி
நூர் அங்கிஸ் என்ற பெண்ணிடம் போய்ச் சேரும்.
பதில் திரும்பி வருவதற்குள்
ஜன்னலுக்கு வெளியே ஒரு புள்ளிமான்
சோற்றுப் பார்சலின் தாளை முழுவதுமாகத் தின்று முடித்தது.

படகை ஓட்டியவன் யார், எங்கே?

அவள் நிறையச் சொன்னாள். கையை நீட்டிக் காட்டினாள்.
பெடியன் கொஞ்சம் சொன்னான்.
சவாஹிர் சொன்னார்: ஆள் போயிட்டாராம்.
போய்விட்டார் என்றேன் சிங்களத்தில்.
அம்பேபிட்டிய எழுதினார்:
தப்பிச் சென்றுள்ளார்.

நகரசபையில் அன்று முழுக்க இதே கதை.
எங்கட சனமே இன்னும் தகரத்துக்குள்ள கிடக்குது,
இதுகளுக்கு எங்கால இடம் என்று குலவீரசிங்கம் மேசையில் தட்டினார்.
அவரை மறித்துப் பேசிய பெண் உறுப்பினர்
எந்த வருடம் எந்தக் கரையில் நீங்கள் இறங்கினீர்கள் என்று மட்டும் கேட்டார்.
ஒலிவாங்கி நின்றுபோனது. மின்வெட்டு என்றார்கள்.

நீதவான் வெள்ளிக்கிழமை விடச் சொன்னார்.
அதே மாலை கொழும்பிலிருந்து ஒரு தாள்:
பொதுநலன் கருதித் தொண்ணூறு நாள்,
வேண்டுமானால் மேலும் தொண்ணூறு,
எந்த மன்றிலும் கேள்விக்குட்படுத்தலாகாது.
அதையும் எனக்கே தந்தார்கள், தமிழாக்க.
எல்லாம் எழுதி முடித்து
கடைசியில் அந்தப் பெரிய கிறுக்கலுக்கு வந்தேன்.
அதை மொழிபெயர்க்க முடியாது. வழமைப்படி
'ஒப்பம்' என்று போட்டேன்.
யார் ஒப்பினார்கள் என்று எழுத அங்கே கோடு இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது.
அரிச்சல்முனை மணலில் அம்மாவிடம் ஒரு அதிகாரி கேட்டார்:
படகோட்டி யாரு? அவன் எங்க?
தமிழில்தான் கேட்டார். நடுவில் ஒருவரும் இல்லை.
கடல்தான் ஐயா ஓட்டினது என்றா அம்மா.
அவர் சிரித்தார். ஏதோ எழுதினார்.
என்ன எழுதினார் என்று
இன்றுவரை தெரியாது.

வாசித்துக் காட்டப்பட்டது, விளங்கிக்கொண்டார்,
சரியென ஏற்றுக்கொண்டார்.
அவளுடைய பெருவிரல் நீலமாயிற்று.
அதன் கீழே நான் கையெழுத்து வைக்கவேண்டும்.

தப்பிச் சென்றுள்ளார் என்பது பிழை சேர், என்றேன்.
அம்பேபிட்டிய கெட்டவர் இல்லை,
குழந்தைக்குப் பால்மா தன் காசில் வாங்கிவந்தவர்.
மிஸ், எப்படியும் ஆள் இங்கே இல்லைதானே?
பிழை சேர்.
பெருமூச்சு விட்டார். வெட்டினார்.
மேலே சின்னதாக எழுதினார்: இறந்துவிட்டார்.
ஓரத்தில் தன் முதலெழுத்து.
நானும் வைத்தேன்.

தொண்ணூறு நாள் தொண்ணூறு நாளாகவே இருந்தது.

கிண்ணியாப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி
சவாஹிர் போனில் அழைத்தார். காற்று இரைந்தது.
புள்ள, அந்தப் பெடியன் சொன்னது ஹன்யுத் எண்டு.
மௌத்து எண்டு இல்ல.
தண்ணி இழுத்துக்கொண்டு போறதுக்குச் சொல்றது.
மரக்கட்டைக்கும் சொல்லுவாங்க.
அது... அவளுட புருசன் போல.

நான் வைத்த கையெழுத்து
அந்நேரம் காய்ந்திருக்கும்.