ஐந்தாவது டிரம்மர்

பாகாவுக்கு வெளியே பழைய பால் ஸ்டோர்.
புளித்த வாடை இன்னும் போகவில்லை.
ஒன்பதுக்குச் செம்பனை ஆலைச் சங்கு ஊதும்.
அது எந்தச் சுரம் என்று
அப்பளசாமிதான் கண்டுபிடித்தான்.
அதற்கேற்பக் கிட்டார்களை இறக்கிக் கட்டினோம்.
இப்போது ஜொகூரில் அறை எடுத்து
விடிகாலை நாலுக்கு மோட்டாரில் பாலம் தாண்டுகிறான்.
சங்கு மட்டும் சுருதி மாறவில்லை.

தேவசகாயத்தைக் கல்யாண மண்டபங்கள் கொண்டுபோயின:
ராத்திரிக்கு முந்நூறு வெள்ளி, சாப்பாடு தனி.
வெய் ஹோங் பேஸை விற்றுப்
புல்வெட்டும் இயந்திரம் வாங்கினான்.
ஒருநாள் அதையே தூக்கி வந்து முடுக்கினான்,
பதினாறு நிமிடம்.
நாங்கள் பதிவுசெய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.
கேட்டவர்கள் மூன்று பேர்,
ஒருவர் பாதியில் எழுந்து போனார்.

என் பாட்டின் நடுவே பதினொரு தட்டு
வெறுமையாக விட்டிருந்தேன்.
அப்பளசாமி வாசித்த இடம்.
யாரும் தொடக்கூடாது.
அதற்காகவே இரண்டு டிரம்மர்கள் விலகினார்கள்.

புதிதாக வந்தவன் அனுமதி கேட்கவில்லை.
எண்ணெய் டின்மேல் சைக்கிள் சங்கிலியைப் போட்டு இழுத்தான்.
பதினொன்றும் நிரம்பி
ஒன்று வழிந்தது.

நிறுத்துடா என்று கத்தினேன்.
நன்றாக இருந்தது,
அதனால்தான் கத்தினேன்.

கொசுவத்தி எப்போதோ அணைந்திருந்தது.
குச்சியால் முதுகைச் சொறிந்தபடி
மறுபடியும் வாசிக்கவா அண்ணே என்றான்.
மூன்று வாரமாக நான் அவனை
டேய் டிரம் என்றே கூப்பிட்டிருக்கிறேன்.

பேர் என்ன என்றேன்.
சொன்னான்.
அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது.

திரும்பக் கேட்டேன்.