சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

விண்ணப்பம் நிரப்புவது என் தொழில்.
ரேஸ்கோர்ஸ் ரோட்டில், பாஸ்போர்ட் ஆபீஸைத் தாண்டி,
டீக்கடைக்கும் ஜெராக்ஸுக்கும் நடுவில்
ஆறடிக்கு எட்டடி.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர்,
கரண்ட் போனால் கத்துகிற ஒரு பெட்டி.

சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தைக்
காலியாக விட முடியாது.
மற்றதைச் சமாளித்துவிடலாம்.
போட்டோவில் காது தெரியவில்லையா,
முடியை ஒதுக்கி இன்னொரு படம்.
பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாசம் ஆயுசு இல்லையா, புதுப்பித்துக்கொள்.
நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய சளியின் நிழல் என்றால்
அது மட்டும் என் கையில் இல்லை.

சோனைமுத்து செக்கானூரணியிலிருந்து வந்தான்.
கப்பலூர்ப் பட்டறையில் ஏழு வருசம் வெல்டிங்.
கண்ணோரம் சிவந்தே இருக்கும்,
அழுதவன் மாதிரி. அழுகிற ஆள் இல்லை.
ஷார்ஜாவில் வேலை, கம்பெனிக் கடிதம் கையில்.
பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்.
ஒற்றைப் பெயர் அங்கே செல்லாது என்றேன்.
"எங்க ஊர்ல பத்து சோனைமுத்து இருக்கோம்.
எங்களுக்கே கொழப்பம் வந்ததில்ல,
அவுங்களுக்கு என்னவாம்?"

இனிஷியலை விரித்தால் போதும்.
'அ' என்று ஓர் எழுத்து.
ரேஷன் கார்டில், மார்க் ஷீட்டில், பட்டறை வருகைப் பதிவில்
பக்கத்தில் புள்ளி வைத்து
அடக்கி உட்கார்த்திய எழுத்து.

அ-ன்னா?
டீக்கடைப் பக்கம் பார்த்தான்.
"அம்மா பேரப் போட்டுருங்க. ஒச்சம்மாள்."
அது 'ஒ' ஆச்சே.
"அப்பப் பட்டறை பேரப் போடுங்க."
நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அய்யாவு.

நாலு வயசில் அவனை உசிலம்பட்டிச் சந்தையில்
பொரிகடலைக் கடையோரம் நிறுத்தி
"இந்தா வந்துர்றேன்" என்று போனவர் பெயர்.
இருபத்திரெண்டு வருசம் அந்த வீட்டில்
யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.
ஆங்கிலத்தில் ஆறே எழுத்து.
அடித்தேன்.
கட்டம் பச்சையானது.

மூன்று மாசம் கழித்து வாட்ஸ்அப்பில் அவன் குரல்,
பின்னால் கிரைண்டர் சத்தம்:
"அக்கா, இங்க சோனைமுத்துன்னா யாருக்கும் தெரியாது.
மலையாளி சூப்பர்வைசர், பெஷாவர் டிரைவர்,
மெஸ்ஸுல சோறு போடுறவன் வரைக்கும் அய்யாவு, அய்யாவு.
மொத வாரம் நான் திரும்பவே இல்ல.
செவிடுன்னு நெனச்சு
காது டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டாய்ங்க.
இப்பத் திரும்பிர்றேன்.
திரும்பும்போது ஒரு நொடி
எனக்குப் பின்னாடியும் பாத்துக்கிறேன்,
அந்தாளு நிக்கிறானான்னு."

ஆடி முடிகிற வாரம்
ஒச்சம்மாள் வந்தாள்.
கையில் பணம் வாங்குகிற சீட்டு, நாலாய் மடித்தது.
அனுப்பியவர்: அய்யாவு எஸ்.
மகன் இப்போது
ஓர் எழுத்தாகிப் புள்ளியோடு நின்றான்.

"கவுண்டர்ல உறவு என்னன்னு கேக்குறாக.
பேரு புருசன் பேரு, காசு மகன் காசு.
நான் என்னத்தச் சொல்ல?"
உறவுமுறைக் கட்டத்திலும் சிவப்பு நட்சத்திரம்.

கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.
பிறகு திடீரென்று தோள் குலுங்கச் சிரித்தாள்.
ஜெராக்ஸ் பையன் எட்டிப் பார்த்தான்.
"புருசன்னே போடும்மா.
அந்த மனுசன் பேருல
ஒரு தடவையாச்சும் காசு வந்ததா இருக்கட்டும்."

தப்பாக நிரப்பினால்
பணம் திரும்பிப் போய்விடும்.
மகன் என்றுதான் எழுதினேன்.

கையெழுத்துப் போடுகிற இடத்தில் விரலை வைத்து
மேலே ஒவ்வோர் எழுத்தாய்ப் படித்தாள்.
"சரி, இதுவுந்தான்" என்றாள்.
கட்டணம் நாற்பது ரூபாய்.
ஐம்பதை நீட்டி, மீதி வாங்காமல்
திருமங்கலம் போகிற பஸ்ஸில் தப்பாக ஏறி
அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்த பெண் முழுப் பெயரைச் சொன்னாள்.
இனிஷியல் என்று தொடங்கினேன்.
அவள் முகத்தைப் பார்த்துவிட்டு
முதலில் ஊர் என்ன என்று கேட்டேன்.