சாம்பல் பட்டை

மொகொட்லோங் மருத்துவமனையின் உணவுக்கூடம்.
எட்டுக் கணினிகள், பதினான்கு செவிலியர்,
ஓடாத ஒரு ஹீட்டர்.
நான் மசேருவிலிருந்து வந்தவன்.
பனி விலகும்வரை வண்டி
கணவாயில் நின்றதைத் தவிர
இந்த மலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

பழகுவதற்கென்று ஒரு நோயாளி இருந்தார்.
பெயர்: சோதனை. வயது: எழுபது. ஆண்.
முதல் நாள் மாலைக்குள் அவருக்கு
இரட்டைக் குழந்தை பிறந்துவிட்டது.
மூன்று முறை இறந்தார்;
இறந்த பிறகு வந்து காசநோய் மாத்திரையும் வாங்கிப்போனார்.
கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன்.
"பயப்படாமல் தட்டுங்கள்,
நள்ளிரவில் எல்லாம் தானே அழிந்துவிடும்."

மாபுசெலெட்சோ மட்டும் சிரிக்கவில்லை.
சுட்டியை
பாதரச வெப்பமானியைப் போல
ஒரு முறை உதறிவிட்டுத்தான் தொடுவார்.

இரண்டாம் நாள் மதியம்
மழையும் இல்லாத பனியும் இல்லாத ஏதோ ஒன்று பெய்துகொண்டிருக்க
குதிரையில் வந்து இறங்கினாள் லிமகாட்சோ.
நிறைமாதம். காய்ச்சல்.
வாசலுக்குப் பக்கத்துக் கணினியில்
யாரோ அவளைப் பதிந்தார்கள்,
ஒரு பிழையில்லாமல்,
நான் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில்.

மேலே நீலப் பட்டை என்றால் நிஜம்.
சாம்பல் என்றால் பயிற்சி.
அதை முதல் நாள் காலை,
தேநீர் வருவதற்குச் சற்று முன்,
ஒரே ஒரு முறை சொல்லியிருந்தேன்.

விடிந்ததும் மருத்துவர் தேடினார்.
அந்தப் பெயரில் யாருமில்லை என்றது திரை.
மூன்றாம் கட்டிலில் அவள் இருமினாள்.
தட்டில் ஊசி தயாராக இருந்தது.

மாபுசெலெட்சோ யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.
போய், அவள் போர்வை மடிப்புக்குள் கைவிட்டு
பாலித்தீன் சுற்றிய புக்கானாவை எடுத்தார்,
ஆளோடு ஆளாக மலையேறி இறங்கும் சின்ன நோட்டு.
நான்காம் பக்கம். சிவப்பு மை. இரண்டு அடிக்கோடு.
பென்சிலின் ஆகாது.
தட்டு வந்த வழியே திரும்பிப் போனது.

என் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு:
பங்கேற்பாளர் எங்கே தவறினார்?
கீழே நான்கு கட்டங்கள்.
பயிற்றுநருக்கு அதில் கட்டமில்லை.
ஓரத்து வெள்ளையில் எழுதினேன்.

பிறகு அவரே வந்து உட்கார்ந்தார்.
ஒற்றை விரல். பதினோரு நிமிடம்.
நோட்டைப் பார்த்துப் பார்த்து
அந்தச் சிவப்பை எழுத்தெழுத்தாக உள்ளே இறக்கினார்.
சேமிக்கும் முன்
விரலை அந்தரத்தில் நிறுத்திக் கேட்டார்:
"இப்போது மேலே என்ன நிறம்?"

எனக்குத் தெரியும்.
ஆனாலும் எழுந்துபோய்ப் பார்த்தேன்.