பதினொரு நொடி

நானூற்றுப் பன்னிரண்டு ஒலிநாடாக்கள்,
காப்பிக்கொட்டை வந்த சாக்குகளில்.
ஒண்டினா வாஸ்கொட்டோ இறந்த மூன்றாம் வாரம்
ட்ரியெஸ்தே பல்கலைக்கழகம்
அவற்றைக் கணினியில் ஏற்றச் சொன்னது என்னை.
மணிக்கு ஒன்பது யூரோ.

ஏழாம் துறைமேடை. துருக்கியிலிருந்து கப்பலேறி வந்த லாரிகள்.
ஒரு ஹங்கேரிக்காரர் காப்பி விலை பேசுகிறார்,
ஓர் எத்தியோப்பியர் மசியவில்லை.
சுங்கத்து நெரீனா இருவரையும் அதட்டுகிறாள்.
எல்லாம் ஆங்கிலம்.
ஒருவருக்கும் தாய் ஊட்டியதில்லை;
வழியில் பொறுக்கியது, வேண்டிய மட்டும்.

இதைத்தான் முப்பது வருடம் கேட்டார் அவர்.
பிழை என்ற சொல்லை
அவர் குறிப்பேடுகளில் தேடினேன். இல்லை.
‘புரிந்தது’, ‘புரியவில்லை’, ‘சிரித்தார்கள்’.
அவ்வளவுதான் பத்திகள்.

இரங்கல் கூட்டத்தில்
ஓஸ்லோவும் சோலும் கம்பாலாவும் பேசின,
உலக ஆங்கில ஆய்வின் தூண் என்று.
தூணுக்கு மூன்று உச்சரிப்பு.
வெளியே போரா காற்று
குடைகளை முறித்துக்கொண்டிருந்தது.

அறுபத்து மூன்றாம் நாடா. 1988, பிப்ரவரி.
செலாமி என்ற ஓட்டுநர்
மனைவிக்குத் தையல் இயந்திரம் வாங்கிய கதையைச்
சிரிப்பும் கையசைப்புமாய்ச் சொல்லி முடிக்கிறார்
(கையசைப்பும் கேட்கிறது, மேசை அதிர்கிறது):
“டுமாரோ ஐ கேம்!”
“ஐ வில் கம்,” என்கிறது ஓர் இளங்குரல்.
ஒண்டினாவுடையதுதான்.

பிறகு ஒன்றுமில்லை.
ஒரு கடற்காகம். எங்கோ சங்கிலி இழுபடுகிறது.
பதினொரு நொடி.
“யெஸ். சாரி, மேடம்.”
கதவு.

பெட்டிக்குள் மடித்த சீட்டில் பென்சில் எழுத்து:
‘பேச்சு இங்கே நின்றது. நிறுத்தியவள் நான்.’
கீழே, வேறு மையில்:
‘மறுநாள் ஏழு மணிக்கு வந்து நின்றார்.
சொன்னபோதே வந்துவிட்டவர்தான்.
நாடாவைப் போட வேண்டாம் என்றார்.’

அதற்குப் பின் எந்த நாடாவிலும்
அவர் குரல் ஒரு ‘ம்’மைத் தாண்டவில்லை.

மென்பொருள் கேட்கிறது:
மௌனம் கண்டறியப்பட்டது. நீக்கவா?
எப்போதும் கேட்பதுதான்.
ஆம் என்றே தட்டிவந்தேன், இடம் மிச்சம் என்று.
அறுபத்திரண்டு நாடாவில் எதையெல்லாம் வெட்டினேனோ.

விரலை எடுத்துக்கொண்டு
இன்னொரு முறை ஓடவிடுகிறேன்.
நான்காம் நொடியில் யாரோ மூச்சை இழுக்கிறார்கள்,
ஏதோ சொல்லப்போவது போல.
அவரா, செலாமியா,
தெரியவில்லை.