இரண்டரைக் கரண்டி

தார்த்துவில் இரவு பதினொன்று.
ஆற்றுப் பனி இன்னும்
ஆள் நடக்கும் அளவுக்கு இறுகவில்லை.
காலை ஒன்பதுக்கு நூலகத்திலிருந்து பதினாறு பேர்
கிட் பயில வருகிறார்கள்.

மேக் என்று தட்டுகிறேன்.
மூலக்கோப்புகள் ஒவ்வொன்றாய் எழுந்து
ஸ்லைடுகளாகின்றன:
கிளை, இணைப்பு, பின்வாங்கல்.
எண்பத்தாறு பக்கம்.
பிழை ஏதுமில்லை.

ஏதுமில்லை என்பதுதான் உறுத்தியது.

நாற்பத்தோராவதைத் திறந்தேன்.
கறுப்பு ரொட்டிச் செய்முறை:
உப்பு இரண்டு கரண்டி என்பது என் வரி,
மூன்று என்பது மீலிகேவின் வரி.
நடுவே கூர்கூராய்க் குறிகள் முளைத்து
மோதல் என்றால் இதுதான் என்று
காட்டவே அந்தப் பக்கம்.
இப்போது அங்கே அமைதியாக ஒரே வரி:
உப்பு இரண்டரைக் கரண்டி.

யார் கைவரிசை?
வரலாறு ஒளிக்கவில்லை.
காவ்போ. வேலைக்கு வந்து நான்காம் நாள்.
"யாரோ மோதலை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள்,
தீர்த்துவிட்டேன்."

எங்கள் இருவர் மனமும் நோகாமல்
அரைக் கரண்டியில் பஞ்சாயத்து முடித்திருக்கிறான்.
திட்ட வாய் வரவில்லை.
பழைய பதிவிலிருந்து சண்டையைக்
குறி குலையாமல் எடுத்து வந்து வைத்தேன்.
மேலே ஒரு குறிப்பு:
இதைத் தயவுசெய்து தீர்க்காதீர்கள்.

மறுபடி மேக்.
இரண்டும் மூன்றும்
பழையபடி முறைத்துக்கொண்டு நின்றன.

விளக்கணைக்குமுன் பசித்தது.
மீலிகே மேசையில் விட்டுப்போன ரொட்டியில்
ஒரு துண்டு பிய்த்து மென்றேன்.

உப்பு தூக்கல்.
நன்றாகத்தான் இருந்தது.
அவளிடம் சொல்லப்போவதில்லை.