எதிர்ச்சுற்று

கட்டபெட்டில் பஸ் இறக்கிவிட்டபோது மணி ஏழே கால்.
மஞ்சு ரோட்டை இருபதடிக்குக் குறைத்திருந்தது.
"டிரைவ் பாக்க வந்தவங்களா?"
முதலில் குரல் வந்தது, பிறகு டார்ச்,
பிறகு டீ மேக்கர் பெள்ளி.
பையை வாங்கக் கை நீட்டி, என் முகம் பார்த்து
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
மெகர் இருக்கிற பை. நானே தூக்கினேன்.

மாடியில் எட்டு வாட்டுத் தொட்டிகள்.
ஏழில் விசிறி ஓடியது.
எட்டாவதில் ஆயிரத்து இருநூறு கிலோ கொழுந்து
காற்றில்லாமல் கிடந்தது.
கையை உள்ளே விட்டேன்.
காய்ச்சல் பிள்ளையின் அக்குள் சூடு.
"விடியறதுக்குள்ள செவந்துரும்" என்றார்
கடிகாரத்தைப் பார்க்காமலே.

டிரைவின் முகத்தில் ஓ.சி. ஒன்று.
வேகமெடுக்கும்போது ஆம்பியர் எகிறுகிறது என்று அர்த்தம்.
ஏன் எகிறுகிறது என்று அது சொல்லாது.
சொன்னால் எனக்குச் சம்பளம் எதற்கு?

மெயினை இறக்கினேன்.
விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிடம்
கெப்பாசிட்டருக்குள் ஆளைக் கொல்லும் அளவு மிச்சம் இருக்கும்.
பெள்ளிக்கு அந்தப் பத்து நிமிடம் பிடிக்கவில்லை.
"ஒண்ணும் பண்ணாம நிக்கறீங்களே."
ஆமாம். இந்த வேலையில் அதுவும் ஒரு வேலை.

கேபிளை மெகரில் வைத்தேன், சுத்தம்.
மோட்டாரைக் கழற்றிவிட்டு டிரைவை மட்டும் ஓட்டினேன்,
சமர்த்தாக ஐம்பது வரை ஏறியது.
பேர்ப் பலகையில் போன ஆயுத பூஜையின் சந்தனம்.
நகத்தால் சுரண்டிச் சுரண்டி வாசித்தேன்:
ஏழரை ஹெச்.பி., பதினொரு ஆம்பியர்,
ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று.
டிரைவுக்குள் யாரோ அறுபது ஹெர்ட்ஸ் என்று விட்டிருந்தார்கள்.
இந்த மலைக்கு என்றைக்குமே ஏறி வராத கரண்ட்.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.
ஐம்பது என்று மாற்றினேன்,
ஐந்து விநாடி ஏற்றத்தை நாற்பதாக்கினேன்,
பெள்ளியைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கக்கூட செய்தேன்.
பச்சைப் பொத்தான்.
ஓ.சி. ஒன்று.

மணி பத்தரை.
கொழுந்தைக் கிளறிக்கொண்டிருந்த ஞானசுந்தரி
யாரிடமும் இல்லாத மாதிரி சொன்னாள்:
"பகல்ல ஓடுது. ராத்திரிதான் மொரண்டு.
நிப்பாட்டினாலும் அது சும்மாவா இருக்கு?
அந்தப் பக்கமா சுத்திக்கிட்டே கெடக்கு."
எந்தப் பக்கமா?
ஈரக் கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள்,
இடமிருந்து. தப்பான பக்கம்.

டார்ச்சோடு விசிறிக் கூண்டுக்குள் தலையை விட்டேன்.
மின்சாரம் இல்லை, பெல்ட் இல்லை, யாருமில்லை.
இறக்கைகள் தாமே பின்னோக்கிச் சுழன்றன,
அவசரமில்லாமல்.
பள்ளத்திலிருந்து ஏறிவரும் காற்று
உடைந்த சட்டத்தின் வழியே நுழைந்து
அதைத் தள்ளிக்கொண்டிருந்தது.
பூஜ்யத்திலிருந்து தொடங்குவதாக டிரைவ் நம்புகிறது.
மோட்டாரோ ஏற்கனவே எதிர்த் திசையில் கிளம்பிவிட்டிருக்கிறது.
இருவரும் சந்திக்கிற இடத்தில்தான் ஆம்பியர்.

மெனுவின் அடியில் ஒரு வரி இருக்கிறது,
கையேட்டில் நான் எப்போதும் தாண்டிப் போகிற பக்கம்:
புறப்படும் முன் டி.சி. பிரேக்.
ஆறு விநாடி கொடுத்தேன்.
பொத்தானை அழுத்தியதும்
சுருளுக்குள் மெல்லிய முனகல்,
இறக்கைகள் தயங்கின,
நின்றன,
பிறகு சரியான பக்கமாக
ஒன்று, இரண்டு, எண்ண முடியாமல்.
முப்பத்திரண்டு ஹெர்ட்ஸில் நிறுத்தினேன்.
எட்டாம் தொட்டியின் கொழுந்து மேல்பரப்பில்
ஒரு சிலிர்ப்பு ஓடிப் போனது.

பெள்ளி தன் மூக்கைத்தான் நம்பினார்.
குனிந்து முகர்ந்தார், நிமிர்ந்தார்,
"கொஞ்சம் போயிருச்சு. மிச்சம் தேறும்."

சர்வீஸ் ரிப்போர்ட்டில்
பழுதான பாகம் என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில் காற்று என்று எழுதி,
ஆபீஸில் சிரிப்பார்களே என்று அடித்து,
அளவு மாற்றம் என்று எழுதினேன்.
அடித்த கோட்டுக்குக் கீழே காற்று இன்னும் தெரிந்தது.

கிளம்பும்போது பார்த்தேன்.
உடைந்த சட்டத்தின்மேல்
ஞானசுந்தரி ஒரு உரச் சாக்கை விரித்து
நான்கு மூலையிலும் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தாள்.
அதான் சரி பண்ணியாச்சே என்றேன்.
"இருக்கட்டும்" என்றாள்.