மிச்சம் இரண்டு

பத்தூமியில் மழை பிடித்துக்கொண்டால்
துறைமுகம் மெதுவாகும். நாங்களும் மெதுவானோம்.
முதலாவதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும்.
இரண்டாவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் கணக்கு எழுதுகிறவள்.
ரவுட்டர் என் மேசைக்கு மேல் ஆணியில் தொங்குகிறது.
அதனால் அது என் பொறுப்பு.
வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

சுங்கத் தாள்கள் மேலேற மறுக்கின்றன.
துருக்கித் தக்காளியோடு ஒரு லாரி
சர்ப்பி எல்லையில் நிற்கிறது.
ஓட்டுநர் போனில்
எங்கள் அம்மாக்களை விசாரிக்கிறார்.
முதலாளி முர்மான் உள்ளறையிலிருந்து கத்துகிறார்:
"இதையெல்லாம் யார் குடித்துத் தீர்க்கிறார்கள்?"

திறந்து பார்த்தேன்.
ஒன்பது பேருக்கு இருபத்து மூன்று சாதனங்கள்.
ஒன்று பிரிண்டர். ஒன்று முர்மானின் டேப்லட், கால்பந்து.
ஒன்று மக்வாலாவின் இன்னொரு போன்,
அவள் கணவனுக்குத் தெரியாதது.
பார்த்தேன், பார்க்காதவளானேன்.
மற்றவை வெறும் எண்ணும் எழுத்தும்,
முகவரி உண்டு, முகம் இல்லை.

பாஸ்வேர்டை மாற்றினேன்.
ஆளாளிடம் போனை வாங்கி
அதன் எண்ணைப் பதிந்தேன். பதியாததெல்லாம் வெளியே.
சுங்கக் கணினிக்கு முதல் வரிசை.
நாங்கள் காசு கொடுப்பது இருபது மெகாபிட்டுக்கு:
ஆளுக்கு இரண்டு, ஒன்பதிரண்டு பதினெட்டு,
மிச்சம் இரண்டு.
முர்மானுக்கு ஐந்து என்று சொல்லி இரண்டு வைத்தேன்.
"அடடா, என்ன வேகம்" என்றார்.

நாலு மணிக்கு லாரி எல்லை தாண்டியது.

மறுநாள் பத்தரைக்கு ரொட்டி வரவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன்:
கீழே ஜும்பேரின் ரொட்டிக் கடை.
மண்ணடுப்பின் உட்சுவரில் ஒட்டி வேகும்,
இரண்டு முனையும் கூராக, படகு போல.
தினமும் பத்தரைக்கு ஒரு பையன்
காகிதத்தில் சுற்றி மூன்று கொண்டுவருவான்.
முர்மான் காசு கொடுப்பதாக நாங்கள் நினைத்தோம்.
நாங்கள் கொடுப்பதாக முர்மான் நினைத்தார்.
கேட்டால் கொடுக்க வேண்டிவரும் என்று
யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாளும் இல்லை.
மூன்றாம் நாள் மக்வாலா
பாலாடைக்கட்டியை நறுக்கிவிட்டுக்
கத்தியும் கையுமாக நின்றாள்.
படியிறங்கிப் போனேன்.

முழங்கை வரை மாவு அவருக்கு.
உப்பு ஜாடிமேல் சாய்த்த போனில்
ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
ரொட்டி வேகிற நேரத்தில் மட்டும்
மல்யுத்தம் பார்ப்பாராம்.
"மேலேயும் நெட் போய்விட்டதா?" என்றார்.
"பாவம், எப்படித்தான் வேலை செய்கிறீர்கள்?
ஆபீஸ் பூட்டிக் கிடக்கும் என்று நினைத்து
பையனை அனுப்பவில்லை."

பாஸ்வேர்ட் யார் கொடுத்தது?

"உனக்கு முன்னால் கணக்கு எழுதியவர்.
மாதம் எவ்வளவு என்று கேட்டேன்.
பசிக்கிறது என்றார்."

ஆறு வருடமாக நான் எழுதும் பேரேட்டில்
இந்த வரவு எந்தப் பக்கத்திலும் இல்லை.
போனை வாங்கி, திரையின் மாவைத் துடைத்து,
எண்ணைக் கையில் எழுதிக்கொண்டேன்.
மேலே வந்து பட்டியலில் சேர்த்தேன்,
பெயர்: அடுப்பு. அளவு: இரண்டு.

மறுநாள் பத்தரைக்குப் பையன் வந்தான்.
காகிதத்துக்குள் இரண்டு ரொட்டி.
நான் யாரிடமும் எண்ணைச் சொல்லியிருக்கவில்லை.

ஒன்பது பேர், இரண்டு படகு.
கத்தியை என்னிடம் தந்தார்கள்,
பங்கு போடத் தெரிந்தவள் என்று.
அளந்து அளந்து வெட்டியும்
ஒவ்வொருவரும் அடுத்தவர் துண்டைப் பார்த்தார்கள்.

மாலை, எல்லோரும் குடை தேடும் நேரம்,
அடுப்புக்கு நேரே இருந்த இரண்டை அழித்தேன்.
மூன்று போட்டேன்.
சேமிப்பதற்கு முன் விரல் நின்றது:
இந்த ஒன்றை யாருடைய இரண்டிலிருந்து எடுப்பது?

உள்ளறையில்
கட்டம் கட்டமாய்ச் சிதைந்தபடி
கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது.